மஞ்சள் குளவி கறுத்த வாரம்

1. ஃப்ரீசரைத் திற

"மாரி, ஃப்ரீசரைத் தொற. கரும்பு கார்டு மொத்தத்தையும் உள்ள வை. தாய் கல்ச்சரையும் சேத்துதான் சொல்றேன்."

எங்கள் ஓனர் சபாபதி சார் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும். கோபத்தில் சொல்வதை அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிக்கொள்வார். மெதுவாகச் சொன்னதை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். வல்லம் வடகாலில் ஒரு பழைய அரிசி குடோனை பிளைவுட்டால் தடுத்து எங்கள் லேப் நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வயல்களை மண் கொட்டி நிரவிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ரோட்டில் இரும்பையும் கண்ணாடியையும் விட்டுவிட்டு உயிருள்ள ஒன்றைத் தயாரித்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் குளவி தயாரித்தோம்.

குளவி என்றதும் கூரையில் கூடு கட்டிக் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது முற்றுப்புள்ளி அளவுதான் இருக்கும். கொட்டாது. பயிரைத் துளைக்கிற புழுவின் தாய்ப்பூச்சி முட்டை வைத்தால், அந்த முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். உள்ளிருந்து புழு வராது, குளவிதான் வரும். மருந்தடிக்காமல் புழுவை ஒழிக்கிற வழி இது. நாங்கள் கம்புக் குருணையில் அந்துப்பூச்சி வளர்ப்போம். அதன் முட்டைகளை அட்டையில், அதாவது கார்டில், தூவி ஒட்டி, குளவியை அதன்மேல் விடுவோம். நாலைந்து நாளில் முட்டைகள் கறுக்கும். அந்த அட்டையை விவசாயி துண்டு துண்டாக வெட்டி இலையடியில் பின் அடித்து வைப்பார். வயலிலேயே குளவி பொரிந்து வேலையைத் தொடங்கும். விற்காமல் இனம் பெருக்க விதைபோல வைத்துக்கொள்வதுதான் தாய் கல்ச்சர்.

எங்களிடம் இரண்டு இனம் இருந்தது. கைலோனிஸ் கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு. ஜப்பானிகம் நெல் தண்டுத் துளைப்பானுக்கு. இரண்டும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றின் வேலையை மற்றொன்று சரியாகச் செய்யாது. எதை எங்கே அனுப்புகிறோம் என்பதுதான் எங்கள் தொழிலே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சார் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்: "மஞ்சளா இருந்தா கரும்பு. கறுப்பா இருந்தா நெல்லு. இத்த மட்டும் மறந்துடாத." லேபில் எல்லோரும் அதை வைத்துத்தான் ஓட்டினோம்.

அன்றைக்குக் கரும்பு ரேக்கிலிருந்து எடுத்த குழாயில் குளவிகள் பொரிந்திருந்தன. எல்லாமே கறுப்பு.

"கலந்துடுச்சு" என்றார் சார். "நெல்லு குளவி கரும்பு கல்ச்சர்ல பூந்துடுச்சு. இத்த ஒருத்தன் தோட்டத்துல கொண்டுபோய் வுட நான் ஆளில்ல. ஃப்ரீசர்ல வெச்சு மொத்தத்தையும் சாவடிச்சிடு. சுத்தமான தாய் கல்ச்சர் வாங்கி, பெருக்கி எடுக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும். அதுவரிக்கும் உங்களுக்கெல்லாம் சம்பளம் எங்கேர்ந்து குடுப்பேன்? ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிக்காரன் ஸ்டோருக்கு இந்த குடோனைக் கேட்டுகினே கீறான். நாளைக்கு மத்தியானம் போன் போட்டு சரின்னு சொல்லிடறேன். முடிச்சிக்கலாம்."

நான் சாத்தூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தேன். ஊரிலிருந்து வந்த பையன்கள் எல்லாம் கம்பெனிகளில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தார்கள். ஒரகடத்தில் என்னோடு அறையில் இருந்த கோவில்பட்டி பால்ராஜ் கார் சீட் தைக்கிற கம்பெனியில் இருந்தான். "ஏலே, பூச்சி வளக்கவால டிகிரி படிச்ச? எங்க கம்பெனில ஓ.டி. பாத்தாலே உன் சம்பளத்தத் தாண்டிருவேம்ல" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லுவான். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். படித்த படிப்புக்கு நேராக ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு இருந்த பெருமை அவனுக்குப் புரியாது. அந்த வேலைதான் நாளை மத்தியானம் முடியப்போகிறது.

2. ஆம்பளையத் தேடி

ஃப்ரீசர் கதவில் கை வைத்துவிட்டேன். திறக்கவில்லை.

"சார், ஆண் குளவியப் பாத்துட்டு முடிவு பண்ணலாமா?"

"இன்னாத்த பாக்கப் போற? கண்ணுக்கு முன்னால மசி மாரி கீது."

"கலர் மாறலாம் சார். டிரெய்னிங்ல சொன்னாங்க. ஆணோட உறுப்பு மாறாதாம்."

சேர்ந்த புதிதில் சார் என்னை ஒரு பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். இந்தக் குளவிகளில் பெண்ணை வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாப் பெண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆணைப் பிடித்து, ஸ்லைடில் ஏற்றி, அதன் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும். கைலோனிஸில் அது முக்கோணமாக, இரண்டு பக்கமும் தோள் விரிந்த மாதிரி இருக்கும். ஜப்பானிகத்தில் தோள் இருக்காது, ஒடுங்கிப் போயிருக்கும். இனம் உறுதியான ஆண் ஸ்லைடுகள் இரண்டை, ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, அவர்கள் எனக்குக் கொடுத்தும் அனுப்பியிருந்தார்கள். அந்த இரண்டு ஸ்லைடையும் பஞ்சில் பொதிந்து மேசை டிராயரில் வைத்திருந்தேன். ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. கலர்தான் இருந்ததே.

"நாளைக்கு மத்தியானம் வரிக்கும் டைம். ஒண்ணு ரெண்டு பாத்துட்டு நல்லா கீதுன்னு வந்து நிக்காத. ஒவ்வொரு கார்டுலேர்ந்தும் பாரு. ஒரே ஒரு நெல்லு குளவி இருந்தாலும் மொத்தமும் ஃப்ரீசருக்குத்தான்" என்றார் சார். பிறகு அந்துப்பூச்சி அறைப் பக்கம் திரும்பி, "டியூபெல்லாம் யார் கழுவறது?" என்று கேட்டார்.

அந்துப்பூச்சி அறையைப் பார்த்துக்கொண்டவர் தனம் அக்கா, உள்ளூர்க்காரர். முகத்தில் துணிக்கட்டோடு வெளியே வந்தார். உடம்பெல்லாம் பூச்சியின் செதில் பொடியாக ஒட்டியிருந்தது.

"நான்தான் சார் கழுவறேன். கொதிக்கிற தண்ணில போட்டு எடுக்கறேன். அதுல நீச்சல் அடிச்சா பூச்சி வந்திருக்கும்?"

"உன்ன சொல்லலம்மா. கேட்டேன்."

"கேக்கறதே சொல்ற மாரிதான கீது."

சார் வெளியே போய்விட்டார். தனம் அக்கா என் பக்கத்தில் வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. செதிலாலா, சார் கேட்ட கேள்வியாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"மெய்யாலுமே கலந்திருக்குமா தம்பி?"

"பாத்தாதான் தெரியும்க்கா. ஆண் வேணும்."

"இதுல எது ஆம்பள?"

லென்ஸைக் கொடுத்தேன். ஆணின் மீசையில் நீள நீளமாக முடி இருக்கும், பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி. பெண்ணின் மீசை மழமழவென்று நுனியில் தடித்திருக்கும். அட்டையில் ஆண்கள் முதலில் பொரிந்து, பெண்கள் வெளியே வரும் வரை முட்டைமேலேயே காத்துக்கொண்டு நிற்கும். எண்ணிக்கையில் பெண்ணைவிடக் குறைவு.

"மீசைய வெச்சுதான் ஆம்பளையா?" என்று சிரித்தார். "அதும் கொஞ்சம் பேருதான் கீறானுங்க. கீறவனும் வேல செய்யாம வாசல்லயே நிக்கறான். நம்ம ஊரு மாரியே கீதுப்பா."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஈரப்படுத்திய மெல்லிய பிரஷ்ஷின் நுனியில் ஒவ்வோர் ஆணாகத் தொட்டு எடுத்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் தனித் தனிக் குப்பி. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்பதால் தனம் அக்கா எனக்கு முன்னால் இருந்த மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார்.

3. ஸ்டெபிலைசரின் சூடு

குளவியை ஸ்லைடில் ஏற்ற ஹாயர்ஸ் மீடியம் என்று தேன் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. ஒரு சொட்டில் குளவியைக் கவிழ்ந்து படுக்க வைத்து, மேலே கண்ணாடித் துண்டை இறக்க வேண்டும். அதன் முதுகுப்பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால்தான் தகட்டின் வடிவம் தெரியும். அவசரத்தில் முதலில் ஏற்றியவை நசுங்கின. பிறகு மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு செய்ததும் படிந்தன.

ஏற்றிவிட்டால் போதாது. மிதமான சூட்டில் ஓர் இரவாவது இருந்தால்தான் உடம்பு தெளிந்து உறுப்பு கண்ணாடி மாதிரி தெரியும். இதற்கென்று ஒரு கருவி உண்டு. எங்களிடம் இல்லை. குளவி அறையில் ஏசிக்கு ஒரு ஸ்டெபிலைசர் சுவரில் ஸ்டாண்ட் போட்டு வைத்திருந்தோம். அதன் மேல்தகடு எப்போதும் சுடும். டிபன் பாக்ஸ் மூடியில் ஸ்லைடுகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் வைத்தேன்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஏசி நிற்கவே இல்லை. சரியான குளிர் வந்ததும் கம்ப்ரஸர் 'டக்' என்று நின்று, கொஞ்சம் கழித்து மறுபடி ஓட வேண்டும். இது நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. என் பிடரியில் காற்று ஐஸ் மாதிரி விழுந்தது. நான் உட்கார்ந்திருந்தது ஏசிக்கு நேர் கீழே. எனக்குப் பக்கத்தில் கரும்பு ரேக்.

கதவருகே சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தாறு. சரியான அளவு. தினமும் காலையும் மாலையும் அதைத்தான் பார்த்து வந்தோம். கழற்றிக்கொண்டுவந்து ரேக்கின் மேல்தட்டில் வைத்தேன். பாதரசம் இறங்கிக்கொண்டே போய்ப் பதினெட்டில் நின்றது.

ஏசியின் திருகைப் பார்த்தேன். கடைசி வரைக்கும் திருப்பியிருந்தது.

"அக்கா, இத யாரு திருப்புனா?"

தனம் அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டார். பின்னால் அவரோடு வேலை செய்த பெண்களும் நின்றார்கள்.

"நாங்கதான் தம்பி" என்றார். "அதனால எதுனா ஆயிடுச்சா?"

விஷயம் இதுதான். அந்துப்பூச்சி அறைக்கு ஏசி கிடையாது. தடுப்பில் ஓர் ஓட்டை போட்டு, ஒரு டேபிள் ஃபேனை வைத்து, குளவி அறைக் காற்றைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுகிற ஏற்பாடு. மே மாதத்துத் தகரக் கூரையின் கீழே, வாயிலும் தலையிலும் துணி கட்டிக்கொண்டு பூச்சி பிடிக்க வேண்டும். வேர்வையில் செதில் ஒட்டினால் அரிப்பு தாங்காது. இருமல் வரும். கையில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். அதனால் வெயில் ஏறிய நாளிலிருந்து தினமும் காலையில் வந்ததும் திருகை முழுக்கத் திருப்பிவிட்டு, சாயங்காலம் மறந்து போய்விடுவார்களாம். கதவருகே தெர்மாமீட்டர் சரியாகக் காட்டியதால் நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை.

"இந்தப் பக்கம் பூச்சிக்கு ஜில்லுன்னு இருந்தா நல்லதுன்னுதான் நெனச்சோம்" என்றார் ஒரு பெண்.

குளிரில் வளர்ந்தால் இந்தக் குளவி கறுத்துப் பிறக்கும் என்று பயிற்சியில் சொன்னது எனக்கு அப்போது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் புரிந்தது. அந்த முறை கார்டுகள் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் பொரிந்தன. முட்டை சரியில்லையோ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். குளிரில் வளர்ச்சி மெதுவாகும். நெல் ரேக்கும் குளிரில்தான் இருந்திருக்கும். ஆனால் ஏற்கெனவே கறுப்பாக இருப்பது இன்னும் கறுத்தால் யாருக்குத் தெரியும்?

"அப்ப கலக்கலையா?" என்று தனம் அக்கா கேட்டார்.

உடனே ஓடிப்போய் சாரிடம் சொல்லத்தான் தோன்றியது. இரண்டடி வைத்துவிட்டு நின்றேன். குளிரில் கறுத்ததும் உண்மையாக இருக்கலாம், கலந்ததும் உண்மையாக இருக்கலாம். ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக இன்னொரு காரணம் இல்லையென்று ஆகிவிடாது.

"நாளைக்கு ஸ்லைடு தெளிஞ்சதும் சொல்றேன்க்கா" என்றேன். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

4. தோள்

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே லேப் வாசலில் வாலாஜாபாத் ஏகாம்பரம் மொபெட்டை நிறுத்திக்கொண்டு நின்றார். கரும்பு விவசாயிகள் சிலருக்காகச் சேர்த்து கார்டு வாங்கிப் போகிறவர். பின் சீட்டில் தெர்மாகோல் பெட்டி கட்டியிருந்தது.

"இன்னா தம்பி, போன வாரமே தர்றன்னீங்க. கரும்பு கணு வுட்டுகினு கீது. புழு எனக்காவ வெயிட் பண்ணுமா?"

"மத்தியானம் வரைக்கும் இருங்கண்ணே. சொல்லிருதோம்."

"மத்தியானமா? சரி, பெட்டியோட குந்திக்கறேன்" என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

சார் வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏசி விஷயத்தைச் சொன்னேன். "உம்" என்றார். அவ்வளவுதான்.

முதலில் பயிற்சியில் கொடுத்த இரண்டு ஸ்லைடுகளையும் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டேன். கைலோனிஸ்: தோள் இருக்கிறது. ஜப்பானிகம்: தோள் இல்லை. மறுபடி, மறுபடி. பிறகு நம்முடையது. லென்ஸைப் பெரிதாக்கி, ஃபோகஸை மெல்லத் திருப்ப, மங்கலாக இருந்தது ஒரு கோடாகி, கோடு தகடாகி, தகட்டின் இரண்டு பக்கமும் விரிந்து நின்றது.

"தோள் இருக்கு சார்."

"அடுத்தது."

அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு கார்டாகப் போய்க்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் தனம் அக்கா வருவதும் போவதுமாக இருந்தார். பாதிக்கு மேல் தாண்டியபோது ஒரு ஸ்லைடில் தகடு ஒடுங்கித் தெரிந்தது. தோள் இல்லை. ஃபோகஸை ஏற்றினேன், இறக்கினேன். இல்லை.

"இன்னாபா?"

"ஒரு நிமிஷம் சார்."

லென்ஸைச் சிறிதாக்கி முழு உடம்பையும் பார்த்தேன். குளவி ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரு காலும் ஒரு பக்கத்து றெக்கையும் மட்டும்தான் மேலே. பக்கவாட்டில் நிற்கிற ஆளுக்கு இரண்டு தோளும் தெரியாது என்பது மாதிரிதான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. அதே கார்டில் பிடித்த ஆண்கள் இன்னும் மூன்று ஸ்லைடில் இருந்தன. மூன்றும் ஒழுங்காகக் கவிழ்ந்து படுத்திருந்தன. மூன்றிலும் தோள் இருந்தது. ஒருக்களித்ததை மட்டும் எடுத்துச் சூட்டில் இளக்கி, ஊசி நுனியால் மெல்லப் புரட்டி மறுபடி பார்த்தேன். அதுவும் விரிந்துகொண்டது.

கடைசி ஸ்லைடு முடிந்ததும் எழுந்து சாருக்கு இடம் விட்டேன். "நீங்களே பாருங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். நெல் குளவி ஸ்லைடைப் பார்த்தார். எங்களுடையதைப் பார்த்தார். மறுபடி முதலாவது. ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"ஆமாபா. தோள் கீது" என்றார். நாற்காலியில் அப்படியே சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வயித்துல பால வாத்த மாரி."

கதவருகே தனம் அக்கா, "அப்ப டியூப் நல்லாத்தான் கழுவியிருக்கேன்?" என்றார்.

"நல்லா கழுவியிருக்கம்மா. ஏசியத்தான் நல்லா திருப்பிட்ட."

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவ்வளவு பெரிய சிரிப்புக்கு அதில் ஒன்றுமில்லை. முந்தின நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. சார் போனை எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனிக்காரரிடம், "குடோன் இல்ல சார். உள்ள ஆளுங்க வேல செய்றாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஏகாம்பரத்திடம் கார்டுகளைக் கொடுக்கும்போது, இந்த முறை குளவி கொஞ்சம் கறுப்பாக இருக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன்.

"கறுப்பா இருந்தா இன்னா தம்பி? பொண்ணா பாக்கறோம்? வேலைய செய்யுதா, அத்த சொல்லு" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

5. பிறகு

அடுத்த முறை ரேக்கை ஏசிக் காற்று நேராக விழாத சுவருக்கு மாற்றி, தெர்மாமீட்டரைக் கதவிலிருந்து ரேக்குக்கே கொண்டுபோனோம். கார்டுகள் வழக்கமான நாளில் பொரிந்தன. காலையில் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே எல்லாம் மஞ்சள். உறுப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மைதான் என்றாலும், கண்ணுக்கும் அது தெரிந்த அந்த நிமிஷம்தான் என் நெஞ்சிலிருந்த பாரம் முழுவதுமாக இறங்கியது. பால்ராஜிடம் அன்று சாயங்காலம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப உன் டிகிரிய வச்சு பூச்சிக்குத் தோள் இருக்கான்னு பாத்திருக்க" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் லேபில் ஒவ்வொரு தலைமுறைக் கல்ச்சரிலும் ஆண்களை ஸ்லைடில் ஏற்றிப் பார்க்கிறோம். கலர் சொல்வது சந்தேகம் மட்டும்தான். தீர்ப்பு ஸ்லைடில். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அது மட்டுமில்லை. பூச்சியின் நிறம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் வெயிலில் அரிப்போடு வேலை செய்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருகை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சார் அந்துப்பூச்சி அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், கொஞ்ச நாள் கழித்துப் பழைய ஏசி ஒன்றும் போட்டுக் கொடுத்தார். இப்போது நான் காலையில் உள்ளே வந்ததும் ரேக்குக்குப் போவதில்லை. முதலில் அந்துப்பூச்சி அறைக் கதவைத் தட்டி, "இன்னிக்கு எப்படி இருக்குக்கா?" என்று கேட்பேன்.

தனம் அக்கா துணிக்கட்டுக்குள்ளிருந்தே பதில் சொல்வார்: "நல்லா கீறோம்பா. நீ போய் உன் ஆம்பளைங்கள பாரு."